கோதண்டராமர் நகர் சைவமான விதம்

கோதண்டராமர் நகரில், திருமலைசாமி வீட்டு அடுப்பில், இரண்டாவது விசிலுக்கும் மூன்றாவது விசிலுக்கும் நடுவே ஒரு கிலோ வெள்ளாட்டுக் கறி சேனைக்கிழங்காக மாறியது. தொண்ணூற்று மூன்றாம் வருஷம், தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. அன்று மின்வெட்டு இல்லை, சிறுவாணித் தண்ணீர் நேரத்துக்கு வந்திருந்தது, வேறு விசேஷம் ஒன்றும் சொல்வதற்கில்லை. கறியிலும் குற்றமில்லை. இருபது வருஷமாக ஞாயிறுதோறும் அந்த வீட்டுக்குக் கறி கொடுக்கும் பஷீர் கடையில், கிலோ எழுபது ரூபாய்க்கு, தொடைக்கறியாகப் பார்த்து வெட்டி வாங்கியது. மூடியைத் திறந்த ராமாமணி ஒரு துண்டைக் கரண்டியால் அமுக்கிப் பார்த்தாள். நல்ல கிழங்கு. மேட்டுப்பாளையம் மண்டியில்கூட அத்தனை நயமான கிழங்கு கிடைக்காது, நாக்கில் துளி அரிப்பில்லை. இது எப்படி ஆயிற்று என்று அவள் யாரையும் கேட்கவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் தன் வாய் என்ன சொன்னது என்பது அவளுக்கே தெரியும்.

அவள் கணவர் திருமலைசாமி பம்புசெட் பாகங்கள் வார்க்கும் சிறிய பவுண்டரி ஒன்று வைத்திருந்தார். வீட்டில் பேச்சு தெலுங்கு. முன்னோர் எந்த ராஜா காலத்தில் எந்த ஊரிலிருந்து வண்டி கட்டி வந்தார்கள் என்று அவருக்கும் தெரியாது, அதை யாரும் அவரிடம் கேட்டதும் கிடையாது. வார்ப்புக்கு வேண்டிய மர அச்சுகளைச் செய்து கொடுத்தவர் கோட்டைமேட்டு முஸ்தபா. முஸ்தபா வீட்டில் எத்தனை தலைமுறை பின்னால் போனாலும் தமிழ்தான். நூலளவு பிசகாத கை. இருவருக்கும் பதினைந்து வருஷப் பழக்கம். தீபாவளிக்கு இங்கிருந்து முறுக்கு போகும், ரம்ஜானுக்கு அங்கிருந்து தூக்குவாளி நிறையப் பிரியாணி வரும். அதில் நல்லி எலும்பு யாருக்கென்று ராமாமணி வீட்டில் சண்டையே நடக்கும்.

முந்தைய டிசம்பரில் வடக்கே மசூதி இடிக்கப்பட்டதிலிருந்து கோட்டைமேட்டுப் பக்கம் அடிக்கடி போலீஸ் வண்டி நின்றது, பஸ் நின்றுபோனது. முஸ்தபாவின் மகள் அஃப்ரா பீளமேட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. படித்தாள். பரீட்சை நாளில் பஸ் ஓடாமல் போனால் பெண்ணின் படிப்பு என்ன ஆவது என்பது பெற்றவர்களின் கவலை. திருமலைசாமி வீட்டு மாடி நான்கு மாதமாகக் காலியாகக் கிடந்தது. அங்கிருந்து கல்லூரிக்கு நடந்தே போய்விடலாம். முஸ்தபா முதலில் பவுண்டரியில்தான் கேட்டார். திருமலைசாமி முடியும் என்றோ முடியாது என்றோ சொல்லியிருக்கலாம். "ஊட்டு விசயமெல்லாம் அவ கையிலங்க. ஞாயித்துக்கெளமை ஒரு எட்டு வந்து கேட்டுப்போடுங்க" என்று நழுவிவிட்டார். அவர் நகர்ச் சங்கத்தின் தலைவர் வேறு. 'அந்த ஆளுகளுக்கு' வீடு விடுவதில்லை என்று சங்கத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. மினிட் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது.

முஸ்தபாவும் அவர் மனைவி சபுராவும் வந்து உட்கார்ந்தார்கள். ராமாமணிக்குச் சபுராவைப் பிடிக்கும். பிடித்ததுதான் தொல்லையாகப் போயிற்று. கொங்குச் சீமையில் ஒருவரை முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லி முகத்தை முறிப்பது பெரிய குற்றம். அதற்குப் பதில் எதை வேண்டுமானாலும் செய்யலாம். நீங்கள் முஸ்லிம், அதனால் வீடு இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நோகாமல் சொல்ல ஒரு வழி தேடினாள். வாசல் துளசிமாடம் கண்ணில் பட்டது. "தப்பா நெனச்சுக்காதே கண்ணு. நாங்க சுத்த சைவம். கறி மீனு பொளங்கறவங்களுக்கு ஊடு உடறதில்லைன்னு ஒரு வளக்கம்" என்றாள்.

சொல்லி வாய் மூடவில்லை, உள்ளே குக்கர் இரண்டாவது விசில் அடித்தது. பட்டையும் கிராம்பும் கறியும் சேர்ந்த வாசம் கூடத்தில் வந்து நின்றது. சபுராவின் கண் ஒரு நொடி சமையலறைப் பக்கம் போய்த் தரைக்கு வந்துவிட்டது. "சரிங்க அக்கா. அது உங்க மொறை. நாங்கதான் தெரியாம வந்து கேட்டுப்போட்டமுங்க" என்றாள். கொடுத்த காப்பியை முஸ்தபா கடைசிச் சொட்டு வரை குடித்து, டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார். கேட் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்துதான் ராமாமணி குக்கரைத் திறந்தாள்.

மத்தியானம் திருமலைசாமி சாப்பிட உட்கார்ந்தார், குழம்பைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "கெளங்கு நல்லாருக்குது" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரக் கறியும் கிழங்கு. ஈரல் பீட்ரூட் ஆயிற்று, குடல் பீர்க்கங்காய் ஆயிற்று, நல்லி எலும்பு முருங்கைக்காய் ஆயிற்று. நாட்டுக்கோழி பலாக்காய் ஆனதைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். முட்டை உருளைக்கிழங்கான அன்றுதான் மகன் வம்சி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து காந்திபுரத்து ஓட்டல் ஒன்றுக்குப் போனான். அங்கே அவனுக்குக் கறி கறியாகவே இருந்தது, பொய் சொன்னது அவனில்லையே. ராமாமணி வெள்ளகோவிலில் அக்கா வீட்டுக் கிடாவிருந்துக்குப் போய்ப் பார்த்தாள். பந்தியில் இருநூறு இலைகளில் கறி இருந்தது, அவள் இலையில் மட்டும் சேனைக்கிழங்கு இருந்தது.

கறி வாங்காமல் விட்டிருக்கலாமே என்று கேட்கலாம். விட்டால் வீட்டில் எல்லாரும் காரணம் பேச வேண்டிவரும். அதனால் ஞாயிறுதோறும் பஷீர் கடைக்குப் போனாள். பஷீர் சபுராவின் சின்னம்மா மகன். அந்தப் பொய்க்கு அடுத்த வாரமே அவன் கறியைப் பையில் போட்டு, மேலே ஒரு கட்டு முருங்கைக் கீரையை வைத்து மறைத்துக் கொடுத்தான். அவள் கேட்கவில்லை. அவனும் எதற்கென்று சொல்லவில்லை. "யாரும் பாக்கமாட்டாங்க, போய்ட்டு வாங்க அக்கா" என்றான், அவ்வளவுதான். வீட்டுக்கு நடந்த ராமாமணிக்கு உடம்பெல்லாம் கூசியது. அவளுடைய பொய் வெளியே தெரிந்துவிடக் கூடாதென்று அவர்கள் காவல் காத்தார்கள். அந்த வருஷ ரம்ஜானுக்கும் தூக்குவாளி வந்தது. அதில் காய்கறிப் பிரியாணி இருந்தது. கறி படாத புதுப் பாத்திரத்தில் செய்தது, அக்கா தயங்காமல் சாப்பிடலாம் என்று சபுரா சொல்லி அனுப்பியிருந்தாள். அதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டி அனுப்பியிருந்தால் ராமாமணி நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பாள்.

பெற்றவர்கள் பயந்தது நடந்தது. கடைசி வருஷப் பரீட்சையன்று ஊரில் ஏதோ பதற்றம், பஸ்கள் நின்றன. அஃப்ரா பஸ்ஸுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு, கோட்டைமேட்டிலிருந்து நடந்து கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பரீட்சை முடிந்து மணி அடித்துவிட்டது. படிப்பில் ஒரு வருஷம் வீணாகப் போயிற்று. அவள் ஒரு மாலைப் பத்திரிகையின் ஆசிரியருக்கு மூன்று வரியில் கடிதம் எழுதினாள்: பீளமேட்டுப் பக்கம் ஒரு நகரில் மாடிவீடு ஒன்று இரண்டு வருஷமாகக் காலியாக இருக்கிறது, நாங்கள் கேட்டபோது இல்லை என்றார்கள், ஏன் என்று தெரிந்தவர்கள் எழுதலாம். யார் பேரும் அதில் இல்லை. ஆனாலும் கோதண்டராமர் நகர் கொதித்துப்போயிற்று.

கோயில் மண்டபத்தில் மைக் வைத்துக் கண்டனக் கூட்டம் போட்டார்கள். நம்மை மதவெறி பிடித்தவர்கள் என்று எப்படி எழுதலாம் என்பதுதான் பேச்சு. ஒவ்வொருவராக எழுந்து தங்களுக்குத் தெரிந்த முஸ்லிம்களைக் கணக்குச் சொன்னார்கள். கடைசி வீட்டுச் சாந்தாமணிக்கு ஜாக்கெட் தைப்பவர் முஸ்லிம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சுப்பையனுக்குப் பல் பிடுங்கிய டாக்டர் முஸ்லிம். "அவங்கதானுங்க நம்மளோட கலக்கமாட்டேங்கறாங்க. ஒரே பக்கமாக் குமிஞ்சு குடியிருந்தா நாம என்ன பண்றது?" என்று சுப்பையன் கேட்டார். பலத்த கைதட்டல். அப்போது, கூட்டத்தைக் கேள்விப்பட்டு வந்திருந்த அஃப்ரா பின்வரிசையில் எழுந்து நின்றாள். பக்கத்தில் முஸ்தபா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். "சண்டைக்கு வரலைங்க. எங்களுக்கு ஏனுங்க ஊடு இல்லைன்னீங்க? அதை மட்டும் சொல்லிப்போடுங்க" என்றாள்.

மண்டபம் முழுக்க ராமாமணியைத் திரும்பிப் பார்த்தது. "நீயே சொல்லிரு" என்று திருமலைசாமி மைக்கைக் கொடுத்தார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் அவள் அதை வாங்கினாள், அதை நம்பலாம். இரண்டு வருஷக் கிழங்கு தொண்டை வரைக்கும் நிரம்பியிருந்தது. அந்தப் பெண்ணின் ஒரு வருஷம் தன்னால் போயிற்று என்பதும் தெரியும். ஆனால் எதிரே நூறு முகம், பக்கத்தில் கட்டிய புருஷன், நாளைக்கும் இவர்களோடுதான் கோலம் போட்டுக் குடித்தனம் நடத்த வேண்டும். "நாங்க சுத்த சைவமுங்க. அதுதானுங்க. வேற ஒண்ணுமில்லீங்க" என்றாள். கைதட்டல் மண்டபத்தைப் பிளந்தது. அஃப்ரா அம்மாவைப் போலவே "சரிங்க" என்று சொல்லிவிட்டு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அடுத்த ஞாயிறு, கைதட்டிய வீடுகளில் எல்லாம் கறி காயாயிற்று. சுப்பையன் வீட்டில் கருணைக்கிழங்கு, சாந்தாமணி வீட்டில் வாழைக்காய். யாரும் வெளியே மூச்சு விடவில்லை. எல்லாரும் வழக்கம்போல் பஷீர் கடைக்குப் போனார்கள், எல்லாருடைய பையிலும் அவன் கீரை வைத்துக் கொடுத்தான். நாலு மாதத்தில் ஒரு பக்தர் சபை வந்து தூய சைவ நகர் என்று சால்வை போட்டுக் கேடயம் கொடுத்தது. அதைச் சங்கத்துக் கண்ணாடி பீரோவில் பார்க்கலாம். தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டில் கலவரத்தில் ஊர் எரிந்தது, குண்டுகள் வெடித்தன, எத்தனையோ குடும்பங்களில் சாவு விழுந்தது. அதில் பஷீர் கடையும் கருகிப்போயிற்று. நகர்க்காரர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. சைவர்களுக்குக் கறிக்கடையில் என்ன வேலை? மூன்று மாதம் கழித்துத் தகரம் அடித்துக் கடையை அவனே திறந்தான். ராமாமணி போனாள். "நல்லாருக்கறீங்களா அக்கா?" என்று அவன்தான் முதலில் கேட்டான். அவள் பையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

தொண்ணூற்றொன்பதில் அஃப்ராவுக்குக் கல்யாணம். விட்டுப்போன பரீட்சையைத் திரும்ப எழுதிப் படிப்பை முடித்து, பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். முஸ்தபா நகருக்கே பத்திரிகை வைத்தார். போகாவிட்டால் மதவெறி என்பார்கள் என்று எல்லாரும் போனார்கள். கல்யாண மண்டபத்தில் அவர்களுக்கென்று தனிப் பந்தி போட்டு, தனிச் சமையல்காரர் வைத்துச் சைவச் சாப்பாடு தயாராக இருந்தது. "நம்ம நகர்க்காரங்களுக்கு இந்தப் பக்கமுங்க" என்று பஷீர் கைகூப்பி உட்கார வைத்தான். அடுத்த பந்தியிலிருந்து பிரியாணி வாசம் வந்தது. சபுரா ராமாமணியின் இலைக்கு முன்னால் வந்து நின்று, "அக்கா, ஒண்ணும் சந்தேகப்படாதீங்க. கரண்டிகூடத் தனிங்க" என்றாள்.

ராமாமணி இலையை விட்டு எழுந்தாள். "சபுரா, நாங்க கறி திங்கறவங்க" என்றாள். குரல் உயர்ந்துவிட்டது, உயரட்டும் என்று விட்டுவிட்டாள். "இந்தப் பந்தியில ஒருத்தருஞ் சைவமில்ல. அன்னைக்கு நீங்க முஸ்லிமுன்னுதான் நான் ஊடு குடுக்கல. மைக்குலயும் பொய் சொன்னேன். அந்தப் புள்ளையோட ஒரு வருசத்தத் தின்னுபோட்டேன்." பந்தியில் நாற்பது தலைகள் இலையைப் பார்த்துக் குனிந்தன. திருமலைசாமி உப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியுமுங்க அக்கா. அன்னைக்கே வாசம் வந்துதுங்களே" என்றாள் சபுரா.

"மாடி இன்னுங் காலியாத்தான் கெடக்குது. வர்றீங்களா கண்ணு?"

சபுரா சிரித்துவிட்டாள். "இப்ப எதுக்குங்க? அவதான் படிச்சு முடிச்சுப்போட்டாளே. அதுமில்லாம அங்க வந்தா எங்க கறியுமில்லீங்க கெளங்காப் போயிரும்?" என்றாள். ஆக, அதுவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ராமாமணி மறுபடியும் இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

சபுரா போய்த் தன் கையாலேயே பிரியாணி எடுத்து வந்தாள். தட்டில் இருந்தவரை அது கறி, எல்லாரும் பார்த்தார்கள். ராமாமணியின் இலையைத் தொட்டதும் சேனைக்கிழங்காயிற்று. சபுராவும் பார்த்தாள். பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு துண்டு வெக்கட்டுங்களா?" என்று கேட்டு இரண்டு வைத்தாள். ராமாமணி அழுதுகொண்டே ஒரு துண்டையும் மீதி வைக்காமல் சாப்பிட்டாள். உண்மையைச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும் என்று ஆறு வருஷமாக நினைத்திருந்தாள். சரியாகவில்லை, இனி ஆகாது என்பதும் தெரிந்துபோயிற்று.

அடுத்த ஞாயிறு அவள் பஷீர் கடையில் வழக்கம்போல ஒரு கிலோ வாங்கினாள். அவன் கீரைக் கட்டை எடுத்தபோது, "வேண்டாங்க, அப்படியே குடுங்க" என்றாள். கறியை மறைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு, நகர் வளைவுக்குள் நுழைந்து, சுப்பையன் வீட்டையும் சாந்தாமணி வீட்டையும் தாண்டி நடந்தாள். வீட்டுக்கு வந்து, கிழங்கின் தோல் சீவ அரிவாள்மனையை எடுத்து வைத்துக்கொண்டாள்.