யாரோ திறந்த இணைப்பு

"பாஸ்வேர்டே இல்லன்னா அது என்ன கதவு தம்பி?"

"பாஸ்வேர்டு இருந்தப்ப மட்டும் என்ன வாழ்ந்துச்சு அண்ணி? நம்ம வீட்ல எல்லாருக்கும் அது மனப்பாடம்."

கொழுந்தன் மடிக்கணினியிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னான். தையல்காரி சிரிக்கவில்லை. அவள் பிழைப்பே கடையின் இணையதளத்தில்தான் இருந்தது. வாடிக்கையாளர்களின் அளவுகள், மணப்பெண்களுக்கென்று மண்டையை உடைத்துக்கொண்டு வரைந்த டிசைன்கள், எல்லாம் அங்கேதான். போன மாதம் அவள் வரைந்த கைவேலைப்பாடு ஒன்று, உரியவள் வந்து வாங்குவதற்கு முன்பே அடுத்த தெருவில் பொம்மை மேல் நின்றது. நாத்தனார் கடைப் பொம்மை. அவள் இந்தக் கடையிலிருந்து பிரிந்து தனிக்கடை போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அன்றிலிருந்து தையல்காரிக்கு ஊசிக்குக் கண் இருப்பதுகூட உறுத்தியது.

"இனிமே நம்ம மெயில் முகவரியை அடிச்சா போதும். ஒரு இணைப்பு வரும், தட்டினா திறந்துடும். ஒரு தடவைக்கு மேல வேலை செய்யாது. கஸ்டமருங்க ஃபேஸ்புக் கணக்கு வழியாவும் வரலாம், அதுக்கும் பட்டன் வச்சாச்சு."

"நேத்து உன் அக்கா வீட்லதானே சாப்பிட்ட?"

"ஆமா. சோத்துல உங்க டிசைனைப் பிசைஞ்சா சாப்பிட்டேன்?"

அவள் போனை எடுத்து முகவரியை அடித்தாள். மெயில் வந்தது. பிரித்து, இணைப்பைத் தட்டினாள். 'இந்த இணைப்பு ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது' என்றது திரை.

"நீ தட்டினியா?"

"என் கை ரெண்டும் இங்க இருக்கு அண்ணி. இன்னொரு தடவை கேளுங்க."

இன்னொன்று வந்தது. அதுவும் செத்த இணைப்பு. கொழுந்தனின் முகத்திலிருந்து கிண்டல் மெல்ல வடிந்தது. "இந்த மெயிலை வேற யாரோ திறந்து வச்சிருக்காங்க. நமக்கு முன்னாடி தட்டிட்டு உள்ள போயிடறாங்க."

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். கடையின் கோடியில் அவள் வீட்டுக்காரர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவர் போன் சட்டைப் பையில் கிடந்தது.

"நான் எதையும் தொடலைம்மா," என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, "அந்தப் பழைய டேப்லெட்ல கடை மெயில் இருந்துச்சு," என்றார்.

"அது எங்கங்க?"

"தங்கச்சி பிரிஞ்சு போன அன்னைக்கு அவ பொண்ணு அழுதுச்சு. பொம்மைப் படம் பார்க்கட்டும்னு குடுத்துட்டேன். குழந்தைதானே, வர்றதையெல்லாம் தட்டியிருக்கும்."

கொழுந்தன் பெருமூச்சு விட்டான். "அவ்வளவுதானா. நான் என்னமோன்னு பயந்துட்டேன்."

தையல்காரி வாசலைப் பார்த்தாள். வெயில் நடுத்தெருவுக்கு வந்திருந்தது. எதிர்ப்பக்கம் பள்ளிக்கூட வேன் ஓட்டுநர், பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்த காலி வேனைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"குழந்தை இப்ப பள்ளிக்கூடத்துல இருக்கு," என்றாள்.

வீட்டுக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். துணியில்லாத இடத்தைக் கையால் நீவினார்.

அவள் எழுந்து போய், அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவர் கையிலேயே வைத்தாள்.

"நான் கேட்டா உங்க தங்கச்சி சண்டைன்னு சொல்வா. நீங்க கூப்பிடுங்க. ஸ்பீக்கர்ல போட்டு, இப்ப யாரு தட்டினதுன்னு நீங்களே கேளுங்க."