துரை சொன்ன ‘யெஸ்’

தையற்கூடத்துப் பெண்கள் முதலாளியம்மாவின் கணவருக்கு வைத்திருந்த பெயர் துரை. ஒருமுறை அது அவர் காதிலேயே விழுந்தது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டு மீசையைத் தடவிவிட்டுக்கொண்டார். அப்படிப்பட்ட மனிதர்.

பார்த்த வேலையையெல்லாம் “எனக்குச் செட் ஆகல” என்று உதறிவிட்டு வந்தவர், இப்போது ஆங்கில வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார், மனைவி கட்டிய பணத்தில். இந்த மாதப் பாடம் பணமும் அளவும். வினைச்சொல்லுக்குப் பின்னால் இன், அவுட், ஆஃப் என்று ஒரு வாலை ஒட்டினால் பொருளே மாறிவிடுமாம். அங்கே விழுங்கியதை வீட்டுக்கு வந்து கக்குவார். பால் தீர்ந்துவிட்டது என்று மனைவி சொன்னால், “ரன் அவுட்னு சொல்லு” என்பார். எழுந்து போய் வாங்கி வரமாட்டார். அவள் மின்கட்டணம் கட்டிவிட்டு வேர்க்க வேர்க்க வந்து நின்றால், ஃபேனுக்கு அடியில் படுத்தபடி, “கட் டவுன் பண்ணணும்மா, கட் டவுன்” என்று செலவைக் குறைக்கப் புத்தி சொல்வார். அவள் பதில் பேசுவதில்லை. அந்த ஆளுக்கு எதற்கு வாயைச் செலவழிப்பது என்ற நினைப்பு.

சமையல்காரர்கள் போட்டுக்கொள்ளும் ஏப்ரனும் தொப்பியும் தைப்பது அவள் தொழில். வெளிநாட்டில் உணவகங்கள் நடத்தும் ஒரு பெண்மணி, மொத்தமாக வாங்குவதற்கு நேரிலேயே வந்தாள்.

“இங்கிலீஷ்ல பேசறதுக்கு ஆடிட்டர் ஆபீஸ்லேருந்து யாரையாவது கூப்பிடறேன்,” என்றாள் முதலாளியம்மா.

“ஏன், நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல?”

“அதான் யோசிக்கிறேன்,” என்றாள். ஆனால் ஆடிட்டர் ஆபீஸில் யாரும் போனை எடுக்கவில்லை.

வந்தவள் தையலை இழுத்துப் பார்த்தாள். ஒரு தொப்பியைத் தலையில் வைத்துக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். பிறகு துரையிடம் திரும்பி ஏதோ கேட்டாள். அதில் ‘நாக் ஆஃப்’ என்று ஒன்றும் ‘த்ரோ இன்’ என்று ஒன்றும் இருந்தன.

“யெஸ், யெஸ். நோ ப்ராப்ளம்,” என்றார் துரை. அவள் உடனே கையை நீட்டிக் குலுக்கிவிட்டுக் கிளம்பினாள்.

“என்ன கேட்டா?”

“நாக் ஆஃப்னா வேலையை முடிக்கிறது. பத்து பர்சன்ட் சீக்கிரமா முடிச்சுக் குடுக்கணுமாம். த்ரோன்னா எறியறது. தொப்பியைத் தூக்கி எறியச் சொல்லிட்டா. பிடிக்கலையாம்.”

“பிடிக்கலைன்னா எதுக்குத் தலையில வச்சு அழகு பாத்தா?”

“அதெல்லாம் அவங்க நாகரிகம். உனக்குப் புரியாது.”

மனசுக்குள் உறுத்தினாலும் அன்றைக்கு அவரை நம்பினாள். தொப்பிக்கென்று வாங்கிய துணியைத் தலையணை உறை தைப்பவரிடம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டாள்.

அடுத்த வாரம் ஆர்டர் வந்தது. எண்களைப் படிக்க அவளுக்கு யாரும் தேவையில்லை. ஏப்ரன் விலையில் பத்து சதவீதம் குறைந்திருந்தது. தொப்பி வேண்டும் என்றிருந்தது. அதன் விலைக்கு நேரே பூஜ்யம். அந்தப் பெண்மணி ‘நாக் ஆஃப்’ என்று கேட்டது தள்ளுபடி, ‘த்ரோ இன்’ என்றது கூடவே தொப்பி இனாம். துரை இரண்டுக்கும் தலையாட்டியிருந்தார்.

“இதென்ன?”

“அது வந்து... இடத்துக்குத் தகுந்த மாதிரி அர்த்தம் மாறும். சார் இன்னும் அந்தப் பக்கம் நடத்தல.”

“நடத்தாத பக்கத்துக்கு எதுக்கு யெஸ் சொன்னீங்க?”

“தெரியலன்னு சொன்னா நம்ம மரியாதை என்னாகறது?”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கறைபட்ட துணியைக்கூட இதைவிட மரியாதையாகப் பார்ப்பாள். அவர் எதிரிலேயே போனை எடுத்தாள்.

“மேடம், பிரைஸ் டவுன், நோ. கேப் ஃப்ரீ, நோ. மை ஹஸ்பண்ட் நோ அண்டர்ஸ்டாண்ட். ஒன்லி யெஸ்.”

தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. போனில் பெரிய சிரிப்பு. பிறகு அந்தப் பெண்மணி, புரியவேண்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: அவருக்கு விளங்கவில்லை என்பது முகத்தைப் பார்த்ததுமே தனக்குத் தெரியும்.

தெரிந்தேதான் கை குலுக்கியிருக்கிறாள். துரைக்கு அந்த அம்மா ஒன்றும் சளைத்தவள் இல்லை என்று இவளுக்குத் தோன்றியது.

“யூ நோ. யூ டேக். நாட் குட்,” என்றாள்.

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது, ஒரு இருமல் வந்தது. கடைசியில் பழைய விலையே நின்றது. தொப்பிக்கும் காசு என்றாயிற்று. விற்ற துணியை இரட்டை விலைக்குத் திரும்ப வாங்கிய நட்டம் மட்டும் அவள் தலையில்.

போனை வைத்ததும் துரை குதித்தார். “ஊர் பேர் தெரியாதவகிட்ட என் மானத்தை வாங்கிட்டியே!”

“வாங்கல. அதையும் நீங்கதான் அன்னிக்கே இனாமாக் குடுத்துட்டீங்க.”

கடைசி மெஷினில் இருந்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

துரை பேச்சை நிறுத்திக்கொண்டார். வீடு நிம்மதியாக இருந்தது. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

“அடுத்த மாசம் பயணத்தைப் பத்தின பாடம். ஃபீஸ் கட்டணும்.”

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்: “அதுக்குப் படிப்பு எதுக்கு? நடந்தே போகலாம்.”