நாற்பத்தோரு தப்படி

பெர்மெத் தன் தாயை விட்டு நாற்பத்தோரு தப்படிக்கு மேல் போக முடியாத பிள்ளை. நாற்பத்திரண்டாவதுக்குக் கால் எழும்பாது. வலியோ அழுகையோ கிடையாது. முளையில் கட்டின ஆடு கயிறு தீர்ந்த இடத்தில் நின்றுவிடுகிற மாதிரி நின்று, அங்கேயே உட்கார்ந்து கூழாங்கல் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வாள். எங்கள் ஊர் பெஷ்-தெரெக்கில் இதை முதலில் அளந்தவர் தலைமை ஆசிரியர் ஒஸ்மோன். பிள்ளைக்கு மூன்று வயது இருக்கும்போது, தாயை வாசலில் நிற்கவைத்து, நாலு திசையிலும் தானே நடந்து எண்ணிப் பார்த்தார். நாலு பக்கமும் ஒரே கணக்கு. நாற்பத்தோரு விதை போட்டுக் குறி பார்க்கிற ஊர் எங்களுடையது. அந்த எண் யாரையும் உறுத்தவில்லை. ஐம்பது என்று வந்திருந்தால்தான் திகைத்திருப்போம். எங்கள் ஆச்சரியமெல்லாம் வேறு இடத்தில் இருந்தது. பிள்ளையின் தலைமுடியில்.

தாய் ஜுல்மிரா மொசாம்பிக்கில் ஒரு கடற்கரை ஊரில் பிறந்தவள். கால்நடை வைத்தியம் படிக்க ஃப்ரூன்ஸேக்கு வந்தாள். தலைநகரத்துக்கு அப்போது அதுதான் பெயர். கல்லூரி லாரியை ஓட்டிக்கொண்டிருந்த எங்கள் எசென்பெக்கைக் கட்டிக்கொண்டு, 1988-ல் முதல் பனி விழுவதற்கு ஒரு வாரம் முன்பு இங்கே வந்து இறங்கினாள். ஜுல்மிரா என்ற பெயர் எங்கள் பெண்களுக்கும் உண்டு. பெயரைக் கேட்டு நிம்மதியாக இருந்த ஊர், ஆளைப் பார்த்ததும் மூன்று நாள் வேலைவெட்டியைப் போட்டுவிட்டு வேலியோரம் நின்றது. "எங்கேருந்து வந்தே?" என்று கேட்டார்கள். சொன்னாள். மறுநாளும் கேட்டார்கள், மறுநாளும் சொன்னாள். தெருவில், ஆற்றங்கரையில், மாட்டுக் கொட்டகையில், கன்று பாதி வெளியே வந்து நிற்கும்போதுகூடக் கேட்டார்கள். பதில் தெரியாமல் கேட்கவில்லை. அவளிடம் வேறு என்ன பேசுவதென்று எங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

1990 வசந்தத்தில் பெர்மெத் பிறந்தபோது கூட்டம் இன்னும் கூடியது. கண் எங்கள் கண், கன்னத்து எலும்பு எங்கள் எலும்பு, நிறம் கொதிக்கவிட்ட தேநீர், முடி மட்டும் ஆட்டுக்குட்டி ரோமம். கைக்குட்டையை எச்சிலில் நனைத்துக் கன்னத்தைத் தேய்த்துப் பார்த்தவர்கள் உண்டு. "சாயம் ஒட்டலையே!" என்று ஒருத்தி ஏமாற்றத்தோடு சொன்னாள். பக்கத்து மாவட்டத்துக் கல்யாண கோஷ்டிகள் வண்டியை நிறுத்தி, பிள்ளையைத் தூக்கி வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போயின. எசென்பெக்கின் அக்கா புபுசைரா வீடு வீடாகப் பால் சேகரிக்கிறவள், வாய் பெரியது. அவள் வந்தால்தான் கூட்டம் கலையும். "பாத்தது போதும், போங்கடி. அவங்கவங்க மாடு மடி வெடிச்சு நிக்குது. புள்ளைய என்னமோ சர்க்கஸ் கரடி கணக்கா!" ஜுல்மிரா பிள்ளையை வாங்கிக் கன்னத்தைத் துடைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

பிள்ளைக்கு எட்டு மாதமாகும்போது எசென்பெக்கின் லாரி கணவாயில் பனிச்சரிவோடு போய்விட்டது. அவனை மேட்டில் அடக்கம் செய்தோம். அடக்கத்தன்று எங்கள் பெண்கள் மேடு ஏறுவதில்லை. ஜுல்மிராவும் பிள்ளையோடு சாலையில் நின்றாள். அதற்குப் பிறகும் சாலையிலேயே நின்றாள். போ என்று யாரும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை, கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. சாலையிலிருந்து கல்லறைக்கு அறுபது தப்படி. வெள்ளிக்கிழமைதோறும் தாய் சாலையில் நிற்க, பிள்ளை நாற்பத்தோராவதில் உட்கார்ந்து கல் பொறுக்கும். இன்னும் பத்தொன்பது தப்படி மிச்சம் இருக்கும். அதையும் நின்று பார்த்தோம்.

ஊர் செய்த பிழை அந்த வருஷத்தில்தான் நடந்தது. எங்களில் பிள்ளை முதல் அடி வைத்ததும் அதன் கால் இரண்டையும் கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கம்பளிக் கயிற்றால் கட்டுவோம். ஊர்ப் பிள்ளைகள் தூரத்திலிருந்து ஓடிவருவார்கள். முதலில் வருகிறவர் கத்தியை வாங்கிக் கயிற்றை அறுக்க வேண்டும். அப்போதுதான் நடை திறக்கும். பெர்மெத் நடந்தது துக்க வருஷத்துக்குள். துக்க வீட்டில் ஓட்டமும் சிரிப்பும் ஆகாது. வருஷ விருந்து முடிந்த பிறகு செய்யலாமென்று விட்டார்கள். அதற்குள் அவள் கோழி விரட்டிக்கொண்டு ஓடுகிறாள். மேய்ச்சல் மலையில் செய்திருப்பார்கள் என்று ஊரில் நினைத்தார்கள், ஊரில் முடித்திருப்பார்கள் என்று மலையில் நினைத்தார்கள். ஜுல்மிராவுக்கு அப்படி ஒன்று உண்டென்றே தெரியாது.

அதற்குப் பிறகு அஞ்சாறு வருஷம் ஓடிற்று. நாடு ஒன்று இல்லாமல் போய் வேறொன்று வந்தது, கூட்டுப் பண்ணை கலைந்து மாடுகள் பங்காயின, ஜுல்மிரா மட்டும் எல்லார் மாட்டுக்கும் பொதுவாக இருந்தாள். எந்தக் கொட்டகைக்குப் போனாலும் பிள்ளை கூடவே. ஒருமுறை மருந்து வாங்க நகரத்துக்குக் கிளம்பினாள். பெர்மெத் அத்தை வீட்டில் ஜாம் தின்றுகொண்டிருந்தாள். பஸ் புறப்பட்டு, அந்த வீட்டிலிருந்து நாற்பத்தோராவது தப்படியில் இருந்த ஆப்ரிகாட் மரத்தருகே நின்றுவிட்டது. இன்ஜின் அலறியது, சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. டிரைவர் இரண்டு தடவை இறங்கிப் பார்த்துவிட்டு, "எம்மா டாக்டரம்மா, ஒண்ணு புள்ளைய ஏத்து, இல்ல நீ இறங்கு. எனக்கு நேரமாகுது" என்றார். இறங்கினாள். பஸ் போயிற்று. அன்றைக்கே யாராவது யோசித்திருக்க வேண்டும். பஸ்ஸில் இருந்தது பிள்ளை இல்லையே, தாய்தானே என்று. ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

1997 செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறந்தது. பள்ளிக்கூடம் பாலத்துக்கு அந்தப் பக்கம். ஜுல்மிரா முதல் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, முழங்கால் நெஞ்சில் முட்ட, எழுத்துப் படித்தாள். பாதிப் பாடத்தில் ஜன்னலைத் தட்டி யாராவது கூப்பிடுவார்கள்: பசு உப்பிப்போச்சு, ஆடு இருமுது. அவள் எழுந்தால் பிள்ளையும் எழ வேண்டும். ஒரு மாதத்தில் இரண்டு பசுக்கள் செத்தன, பெர்மெத் நாலு எழுத்துக்கு மேல் படிக்கவில்லை. ஒஸ்மோன் ஆசிரியர் அவளை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்: "தப்பா நினைக்காதே தாயி. இப்படியே போனா ஊருக்கு வைத்தியமும் இல்ல, புள்ளைக்குப் படிப்பும் இல்ல. அறுவடை லீவுக்குள்ள ஒரு முடிவு சொல்லு."

பிள்ளைக்கு ஏன் இப்படி என்று ஊரில் அப்போதுதான் விசாரித்தார்கள், விட்டுப்போன சடங்கு வெளியே வந்தது. புபுசைரா தலையில் அடித்துக்கொண்டாள். உடனே ஆடு அடித்து, மாவு பொரித்து, ஏழு வயதுப் பிள்ளையை நிற்கவைத்துக் காலைக் கட்டினார்கள். பெர்மெத் வெட்கத்தில் தலை தூக்கவில்லை. தபால்காரர் மகள் கூல்ஸாத் முதலில் ஓடிவந்து அறுத்தாள். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க, பெர்மெத் நடந்தாள். நாற்பத்தோராவது தப்படியில் உட்கார்ந்து கல் பொறுக்கினாள். அப்புறம், கறி ஆறிப்போகிறதே என்று சாப்பிடப் போனோம்.

மறுநாள் புபுசைராவின் பசு கன்று போட்டது. ஜுல்மிரா தோள்வரை கையை உள்ளே விட்டுக் கன்றைத் திருப்பிக்கொண்டிருந்தாள். விளக்கைப் பிடித்திருந்த புபுசைரா அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திடீரென்று கேட்டாள்: "ஏண்டி, உனக்கு யார் அறுத்தா?"

"எனக்கா? எங்க ஊர்ல அந்தப் பழக்கமே கிடையாதுக்கா. ஒம்பது மாசத்துல கடல் மணல்ல நடந்தேன்னு எங்கம்மா சொல்லும்."

"அது அந்த மண்ணு. இந்த மண்ணுல யாரு அறுத்தா?"

கன்று வழுக்கிக்கொண்டு வந்து வைக்கோலில் விழுந்தது. ஜுல்மிரா அதன் மூக்கைத் துடைத்தாள், எழுந்து போய்க் கை கழுவினாள். கழுவின கையையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

"நீதான் புடிச்சிருக்கியா அவள?" என்றாள் புபுசைரா. திட்டுகிற குரல் இல்லை.

"தெரியலக்கா. புடிச்சிருக்கேனாட்டம் இருக்கு." ஜுல்மிரா கையைத் திரும்பவும் தண்ணீரில் விட்டாள். "அறுத்தா போயிடுவா. இந்த ஊர்ல எங்கேருந்து வந்தேன்னு என்னைக் கேக்காத ஒரே ஆள் அவதான். அவளும் போயிட்டா நான் இங்க யாருக்கா?"

புபுசைரா விளக்கைக் கீழே வைத்தாள். ஜுல்மிராவின் ஈரக் கையைத் தன் மேலங்கியில் துடைத்துவிட்டாள். தானும் எத்தனையோ தடவை அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பது அப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊர் திரும்பவும் கூடியது. முப்பத்தி நாலு வயதுப் பெண்ணுக்குக் கால் கயிறு கட்டுவதை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஆனால் அன்றைக்கு வேலியோரம் நின்று பார்க்க ஆள் இல்லை. எல்லாருமே ஓட வந்திருந்தார்கள். ஜுல்மிராவை வெள்ளைக் கம்பளத்தில் நிறுத்தினார்கள். புபுசைரா குனிந்து, கறுப்பும் வெள்ளையுமான கயிற்றைக் கணுக்காலில் கட்டினாள். அப்போது பெர்மெத், தானும் ஓடுவேன் என்றாள். சச்சரவு அங்கே ஆரம்பித்தது. ஓட்டம் தொடங்குகிற இடம் எப்போதும் மதகுக்குப் பக்கத்தில், இருநூறு தப்படி தள்ளி. அவளால் அங்கே போக முடியாது. அவளுக்கு மட்டும் கிட்டக் கோடு போட்டால் அது ஓட்டமா என்று பையன்கள் சண்டைக்கு நின்றார்கள். ஒஸ்மோன் ஆசிரியர் தாடியைத் தடவிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "எல்லாருக்கும் நாப்பத்தொண்ணுதான். நில்லுங்கடா." அந்தச் சின்னக் கோட்டில் ஊர் முழுக்க இடித்துக்கொண்டு நின்றது. பிள்ளைகள், மருமகள்கள், ஒரு காலத்தில் கைக்குட்டை நனைத்தவர்கள், குதிரையிலிருந்து இறங்கி வந்த கிழவர்கள்.

முதலில் வந்தது பெர்மெத். கூல்ஸாத் வேண்டுமென்றே தடுக்கி விழுந்தாளா என்று இன்றுவரை ஊரில் வாக்குவாதம் உண்டு. கூல்ஸாத் சத்தியம் பண்ணி இல்லை என்கிறாள். அத்தை கத்தியை நீட்டினாள். பிள்ளை அதை வாங்கிக்கொண்டு தாயின் முகத்தை அண்ணாந்து பார்த்தது.

"அறுத்தா நீ விழுந்துடுவியாம்மா?"

"விழ மாட்டேன். அறு."

"அழுவியா?"

"அழுவேன். அதுக்கென்ன, நீ அறு கண்ணு."

கயிறு சுலபத்தில் அறுபடவில்லை. புபுசைரா கட்டினது ஒரு முழம்தான். அறுக்க அறுக்க உள்ளே இன்னும் கயிறு இருந்தது. கடைசி இழை விட்டதும், அதுவரை யாரும் பார்த்திராத நீளக் கயிறு ஒன்று புல்லில் சரிந்து கிடந்தது. கறுப்பு, வெள்ளை, நல்ல முறுக்கு, நனைந்திருந்தது. வழக்கப்படி அத்தை ஒரு கையும் தலைமை ஆசிரியர் ஒரு கையுமாகப் பிடித்து ஜுல்மிராவை நாலு அடி நடத்தினார்கள். அவள் அழுதுகொண்டே நடந்தாள். பெர்மெத் எதிர்ப்பக்கம் திரும்பி நடந்தாள். ஊர் வாய்விட்டு எண்ணியது. நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. நூறு வரை எண்ணினோம். பிள்ளை பாலத்தில் ஏறியதும் எண்ணுவதை விட்டுவிட்டோம்.

கயிற்றை என்ன செய்வதென்று கேள்வி வந்தது. மசூதியில் வைக்கலாம் என்றார் ஒருவர், புதைக்கலாம் என்றார் இன்னொருவர். புபுசைரா இழுத்துப் பார்த்து, "நல்ல கம்பளி, வீணாக்குவாங்களா?" என்று சுருட்டிக்கொண்டு போனாள். பல வருஷம் அது கன்று கட்ட உதவியது. பெர்மெத் பின்னாளில் தலைநகரத்துக்குப் படிக்கப் போனதும், அங்கிருந்து தாயின் கடற்கரை ஊருக்குப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்ததும் தனியாகத்தான். வெளியூர்க்காரன் எவனாவது ஜுல்மிராவைப் பார்த்து எங்கேருந்து வந்தவள் என்று கேட்டால், "இங்கேருந்துதான், கால் கயிறு அறுக்க நானே ஓடினேன்" என்று எங்களில் யாராவது சொல்வோம். கொஞ்சம் எரிச்சலாகவே சொல்வோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜுல்மிரா கதவைத் திறந்து வைத்து, அடுப்பண்டை உட்கார்ந்திருந்தாள். ஏழு வருஷத்தில் பிள்ளை எங்கே இருக்கிறதென்று தெரியாத முதல் நாள். இரண்டு தடவை தேநீர் போட்டு இரண்டும் ஆறிப்போனது. சாயங்கால வெயில் மேட்டில் ஏறும்போது பெர்மெத் வந்தாள். முழங்கால் வரை புழுதி. எப்போதும் கனத்துத் தொங்கும் சட்டைப்பை காலியாக இருந்தது.

"எங்கேருந்து வர்றே?" என்று ஜுல்மிரா கேட்டாள். அவள் மகளை அப்படிக் கேட்க வேண்டி வந்தது அதுதான் முதல் தடவை.

"அப்பாகிட்டேருந்து" என்றாள் பெர்மெத். "கல்லையெல்லாம் அங்க வச்சிட்டேன்."

மறுநாள் காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, ஜுல்மிரா மேட்டுச் சாலைக்குப் போனாள். யாரையும் கேட்காமல் கல்லறை வரை அறுபது தப்படியையும் நடந்தாள்.