ஹில்டாவுக்குச் சுற்றிய பூசணிக்காய்

1

இந்தக் கதையை நான் விரும்பி எழுதவில்லை. மலர்கொடி எழுதச் சொன்னாள், எழுதுகிறேன். மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவள் அவள். என் ஜெராக்ஸ் கடை வாசலில் வந்து நின்று, “ண்ணா, அந்தப் பொம்பளைய நீதான் எழுப்பி வுடணும்” என்றாள்.

அந்தப் பொம்பளை ஹில்டா ராம்லோ. ஜெர்மன் நடிகை. பனியில் விழுந்து செத்தவள். [அப்படி ஒருத்தி உலகத்தில் இருந்ததே இல்லை. செல்போனில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். விவரம் மூன்றாம் பகுதியில்.]

2

முதல் தொடக்கம்: ‘பெர்லின் நாடக மேடையில் திரை விலகியதும் ஹில்டா...’

சே. பெர்லினை நான் எங்கே கண்டேன்? திண்டிவனம் தாண்டினாலே எனக்குத் தலை சுற்றும்.

இரண்டாம் தொடக்கம்: ‘ஊமைப்படக் காலத்தில் ஹில்டாவைப்போல அழகாகச் சாக ஒருத்தியும் இல்லை.’

இது பரவாயில்லை, இருக்கட்டும். ஒரு படத்தில் காசநோயில் சாவாள், இன்னொன்றில் ஏரியில் குதிப்பாள். ஜனங்கள் அழுவதற்கென்றே டிக்கெட் வாங்கினார்கள். பேசும்படம் வந்தது. அவளுடைய பட்டிக்காட்டுப் பேச்சைக் கேட்டு அதே ஜனங்கள் சிரித்தார்கள். திரும்ப நாடகத்துக்கே போனாள். பிறகு ஹிட்லர் வந்தான். அவள் கணவன் எமில் யூதன். மேடையில் கோமாளி வேஷம் கட்டுகிறவன். அவனை விவாகரத்து செய்தால்தான் நீ நடிக்கலாம் என்றார்கள். போங்கடா என்றாள். அவளை வீட்டில் உட்கார வைத்தார்கள். ஒருநாள் வந்து அவனையும் கொண்டுபோனார்கள், அவன் திரும்பி வரவில்லை. போர் முடிகிற குளிர்காலத்தில் அகதிக் கூட்டத்தோடு நடக்கும்போது ஹில்டா பனியில் விழுந்தாள். கேமரா இல்லாமல் அவள் செத்த ஒரே சாவு அதுதான். [கடைசி வாக்கியம் எனக்கே ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனாலேயே அதன்மேல் சந்தேகம்.]

3

போன மே மாதம் ஒரு ஜெர்மன் படக்குழு இங்கே வந்தது. அவர்கள் ஊரில் இப்போதெல்லாம் கேட்ட நாளில் பனி விழுவதில்லையாம். இங்கேதான் உப்பு வெள்ளைவெளேர் என்று கண்ணுக்கு எட்டுகிறவரை கிடக்கிறதே! கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும் என்பதால் நான்தான் அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளன். “பல நடிகர் நடிகைகள் பட்ட பாட்டையெல்லாம் சேர்த்து ஹில்டா என்று ஒருத்தியைச் செய்தேன்” என்றார் இயக்குநர். ஆகவே அவள் கட்டுக்கதை.

சாவுக் காட்சி. கதாநாயகி உப்பில் ஒரு தடவை படுத்தாள். தோல் சிவந்துபோய் அழுதுகொண்டு எழுந்துவிட்டாள். முதுகுதானே தெரியப்போகிறது? உயரம் பார்த்து மலர்கொடியைப் பிடித்தார்கள். மே மாத வெயிலில் கம்பளிக் கோட்டு, கையுறை. முகத்தை உப்பில் புதைத்துப் படுத்தாள். அசையாதே என்று சொன்னேன். அசையவே இல்லை.

நம் பக்கத்துப் படப்பிடிப்பில் பிணமாகப் படுத்தவரை அப்படியே வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். எழுப்பி, பூசணிக்காயில் சூடம் கொளுத்திச் சுற்றி உடைத்து, கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பையும் எடுத்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். மேனேஜர் மோகன் சென்னைக்காரர், இந்த முறையெல்லாம் அத்துப்படி. நல்ல பூசணிக்காயாக வாங்கினார். பயபக்தியோடு சுற்றினார்.

கதாநாயகிக்கு.

ஹில்டா என்றால் மேடம்தானே! வேறு யாரும் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. மேடம் கேமராவைப் பார்த்து அழகாகச் சிரித்தாள். எல்லோரும் கை தட்டினோம். மலர்கொடியும் கோட்டை மடித்துக் கொடுத்துவிட்டு வந்து தட்டினாள்.

4

[இந்த இடத்தில் ராமதாஸ் ஒரு பக்கத்துக்கு இருந்தான். மலர்கொடியின் புருஷன். அவன் எப்படிச் சிரிப்பான், பைக்கில் எப்படி ஒருபக்கமாகச் சாய்ந்து உட்காருவான் என்றெல்லாம் எழுதி, அடித்துவிட்டேன். செத்தவனைக் காட்டி உங்களை அழவைக்க ஹில்டா படத்துக்காரனா நான்? படக்குழு போன மறுவாரம், பாத்திக்கு உப்புத்தண்ணி இறைக்கிற மோட்டாரை ஈரக்கையோடு போட்டான். கரண்ட் அடித்தது. அவ்வளவுதான்.]

5

சாவு வீட்டில், எல்லோர் முன்னாலும், ராமதாஸின் அம்மா அஞ்சம்மாள் கத்தினாள்: “பொணமா படுத்து எழுந்து வந்தாளே, இவளுக்கு யாருனா சுத்துனாங்களா? வந்த சாவு வெறுங்கையோட போவுமா? எம்புள்ளைய இட்டுனு போயிடுச்சே!”

ஈரக்கை, சுவிட்சு, கரண்ட் என்று மலர்கொடியிடம் விளக்கினேன். படித்தவன் அல்லவா, விளக்கத்துக்கா பஞ்சம்?

“அதெல்லாம் எனக்கும் தெரியும்ணா. தெரிஞ்சி இன்னா பண்றது? சோத்துல கை வெக்கறப்பெல்லாம் கெழவி என் மூஞ்சியே பாக்குது. கையி எறங்க மாட்டேங்குது.”

இவளையும் சிரிக்கவைத்து ஒரு ஷாட் சேர்க்க முடியுமா என்று இயக்குநருக்கு மெயில் அனுப்பினேன். மரியாதையாகப் பதில் வந்தது: படத்தின் கடைசிக் காட்சியே அதுதான், அந்த உடம்பு அசையக் கூடாது.

“அந்தம்மா நெசமாவே கெடையாதுன்னு சொன்னியே?” என்றாள் மலர்கொடி.

“கெடையாதும்மா.”

“இல்லாதவளுக்குச் சுத்துனீங்க. படுத்துக் கெடந்த எனக்குச் சுத்தல.” மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “சரி வுடு. இல்லாதவதானே, நீயும் கத எழுதறவன்தானே? எழுந்தா, சிரிச்சான்னு எழுது. கெழவிக்குப் படிச்சிக் காட்டு. என்னிய வுட்டுடும்.”

6

எழுதினேன். ஹில்டாவின் விரல் அசைகிறது. முழங்கையை ஊன்றி எழுகிறாள். கோட்டில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, தன்னையே நினைத்துச் சிரிக்கிறாள். என்னத்தைச் சொல்ல, நன்றாகவே வந்திருந்தது.

கிழவிக்குப் படிப்பதற்கு முன் மலர்கொடிக்குப் படித்துக் காட்டினேன். உப்பு வாருகிற பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கடைப் படியில் உட்கார்ந்து கேட்டாள். சிரிக்கிற இடத்தில் அவள் வாயும் கொஞ்சம் விரிந்தது.

“எழுந்து எங்க போனா?”

“வூட்டுக்கு.”

“வூட்ல யாரு?”

எமிலைத்தான் இரண்டாம் பகுதியிலேயே அனுப்பிவிட்டேனே. [அவனைத் திரும்பக் கொண்டுவர ஒரு வரி போதும். எழுதிப் பார்த்தேன்: ‘கதவைத் திறந்தால் எமில்...’ என் கை கூசியது.]

“யாரும் இல்லம்மா.”

மலர்கொடி எழுந்து பலகையைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“அப்ப எழுந்து இன்னாத்துக்கு? படுத்தே கெடக்கட்டும்ணா.”

7

அவள் பழையபடி உப்பளத்துக்குப் போகிறாள். அதே வீட்டில், அதே கிழவிக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். என்ன பண்ணச் சொல்கிறீர்கள்?

முடிவு என்னிடம் இல்லை. எழுந்த ஹில்டாவையும் அடித்துவிட்டேன், அவள் மறுபடி குப்புறக் கிடக்கிறாள். வேண்டுமானால் நீங்களே எழுப்பிக்கொள்ளுங்கள். இந்தாருங்கள் பூசணிக்காய், இந்தாருங்கள் சூடம். தீப்பெட்டி உங்களிடம் இருக்கும்.

ஒன்றே ஒன்று. கொளுத்துவதற்கு முன்னால் கொஞ்சம் குனிந்து, அந்தக் கோட்டுக்குள் கிடப்பது யார் என்று முகத்தைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.