பன்னிரண்டு கட்டத்தில் பெரியதம்பி

கொழும்புக் கம்பெனி ஆபீசில், அட்டையில் துளை போட்டுப் பெயர் படிக்கும் இயந்திரம் வாங்கிய வருடம், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் கூலிகள் எல்லோரும் ஆங்கில எழுத்தாக வேண்டியிருந்தது. ஒரு பெயருக்குப் பன்னிரண்டு கட்டம். கட்டத்துக்கு ஓர் எழுத்து. மிஞ்சினால் வெட்டு.

தோட்டத்தில் அப்பன் பெயரைத்தான் முதலில் எழுதுவார்கள். பெரிய கிளாக்கர் நல்லமுத்துவும் அப்படியே எழுதினார். ஆங்கிலத்தில் பெரியதம்பி என்று எழுதி முடித்ததுமே பன்னிரண்டு கட்டமும் நிறைந்துவிட்டது. அவன் மகள்கள் காளியாயிக்கும் வீரம்மாவுக்கும் சொந்தப் பெயர் விழ இடமில்லை. இயந்திரத்துக்கு இருவரும் ஒரே ஆள்.

ஒரு பெயர் இரண்டு தடவை வந்திருக்கிறது, ஒன்று கள்ளப்பேர், நீக்கு என்று கொழும்பிலிருந்து உத்தரவு வந்தது. நீக்கினால் வேலையும் போகும், குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும்.

நல்லமுத்து இருவரையும் ஆபீஸ் வாசலுக்குக் கூப்பிட்டார்.

"ஒங்கள்ல யாருடி பெரியதம்பி?"

"அது எங்கப்பாங்க. செத்துப் போயிட்டாருங்க," என்றாள் காளியாயி.

"செத்தவன் பேருல ரெண்டு பேரு கொழுந்து பறிச்சா கொழும்புல சும்மா விடுவானா? ஒருத்திதான் இருக்கலாம். நீங்களே பேசி முடிங்க." தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார்.

உதவிக் கிளாக்கர் பரிமளம் உள்ளேயிருந்து எழுந்து வந்தாள். அந்த லயத்தில் பிறந்து பட்டம் வாங்கியவள் அவள் ஒருத்திதான்.

"சொந்தப் பேர முன்னால எழுதியிருந்தா இந்த வம்பே இல்லைங்க. தப்பு ஒங்களோடது. நான் துரைகிட்ட சொல்றேன்."

"சொல்லு. ஒரே பேருல ரெண்டு சம்பளம் வாங்கிட்டாளுகன்னுதான் துரைக்கு வெளங்கும். ரெண்டு பேரையும் வெரட்டுவாரு."

பரிமளம், தோட்டத்தை நடத்தும் துரையின் அறைப் பக்கம் நடந்தாள். காளியாயி ஓடிவந்து அவள் சேலையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"ஒம்படிப்ப ஒங்காத்தாகிட்ட காட்டு புள்ள! ஒருத்தியாவது பொழைக்கிறோம். நாந்தான் மூத்தவ. அது எம்பேரு."

"அக்கா, எனக்குக் கைப்புள்ள இருக்கு," என்றாள் வீரம்மா.

"ஒனக்கு வட்டவளையில புருஷன் இருக்கான். எனக்கு எந்த நாயி இருக்கு?"

"அவன் அங்க இன்னொருத்தியோட இருக்கான்க்கா."

"அப்ப மூணு பேராப் போயி இருங்க."

நல்லமுத்து மைப்பெட்டியை நீட்டினார். காளியாயி பெருவிரலை அழுத்திக் காகிதத்தில் பெரியதம்பி என்ற பெயருக்கு நேரே பதித்தாள். கையைத் துடைக்காமலே தங்கையின் தலையில் மாட்டியிருந்த கூடைக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். கூடை தோட்டத்துச் சொத்து. வீரம்மா விடவில்லை. இழுபறியில் மை அவள் நெற்றியில் ஈஷிக்கொண்டது.

"பாரு," என்றார் நல்லமுத்து, "அக்காக்காரி பொட்டு வச்சில்ல அனுப்புறா."