ஸ இல்லாத கார்டு

திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிக்கு உதிரிபாகக் கடை வைத்திருக்கும் கமலவேணிக்கு ஜாஸ் பியானோ எதற்கு என்று என்னைக் கேட்காதவர் கிடையாது. எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கல்யாண வரவேற்பு. எங்கள் மூவர் குழுவுக்கு அதுதான் முதல் மேடை. வியாழக்கிழமை ஒத்திகையில் பேஸ் கிட்டார் வாசிக்கும் மோகன்குமார் பாதியில் நிறுத்தினான்.

"அக்கா, நீங்க வாசிக்கறது கலங்கல் தண்ணியாட்ட இருக்குதுங்க. இன்னைக்குச் சரியாகலீன்னா ஆத்தூர் சௌந்தர்யாவைக் கீபோர்டுக்குக் கூப்புட்டுக்கறேன். தப்பா நெனைக்காதீங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று மாதம் விடியற்காலையில் எழுந்து பழகியவள் நான். மேஜர் ஸ்கேலின் ஏழு சுரங்களில் ஒன்றுவிட்டு ஒன்றாக நான்கை அடுக்கினால் ஒரு கார்டு. ஸ-வில் தொடங்கினால் ஸ, க, ப, நி. ரி-யில் தொடங்கினால் ரி, ம, த, ஸ. ஒன்றைக்கூட விடாமல் இரண்டு கையாலும் அமுக்கினேன். இதில் என்ன குறை?

"கார்டு தொடங்கற அடிச்சுரத்தை உட்டுருங்க. அதுல இருந்து ஸ்கேல்ல எண்ணுனா வர்ற மூணாவதும் ஏழாவதும் போதும்," என்றான்.

"அதை உடறதா? தாய்மாமன் இல்லாம காது குத்தச் சொல்றியா?"

"மாமன் வந்தாச்சுங்க்கா. அடிச்சுரம் வாசிக்கத்தானே நான் நிக்கறேன்? நீங்க இன்னொரு மாமனைக் கொண்டாந்து உக்கார வெச்சா புள்ளை யாரு மடியில உக்காரும்?"

டிரம்ஸ் அடிக்கும் ரமேஷ்குமார் குச்சியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சொன்னபடியே வாசித்துக் கெடுப்போம், அப்புறம் வைத்துக்கொள்ளலாம் கச்சேரியை என்று உட்கார்ந்தேன்.

ரி-யின் கார்டுக்கு இடது கையில் ம, ஸ மட்டும். அடுத்தது ப-வின் கார்டு. அதற்கு ம, நி. ம இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஸ மட்டும் பக்கத்து நி-க்கு இறங்கினால் போதும். அடுத்து ஸ-வின் கார்டு. இப்போது நி அசையவில்லை, ம மட்டும் க-வுக்கு. இத்தனை நாள் கட்டைக்குக் கட்டை தாவிக்கொண்டிருந்தேனே, மடச்சி! மோகன்குமாரின் பேஸ் கீழே தெளிவாக நடந்தது. சும்மா இருந்த என் வலது கைக்கு ஒரு மெட்டு தானாக வந்தது.

பாட்டு முடிந்தது. மோகன்குமார் போனை எடுத்தான். நான் கட்டையிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

"சௌந்தர்யா, ஞாயித்துக்கெழம வருவீல்ல? வாசிக்க இல்ல சாமி, கேக்க வா. எங்க அக்கா வாசிக்குது."