ஊரான் வீட்டுத் துணி

"இவ்வளவு செலவு பண்ணி, ஊரான் வீட்டு ஈரத்துணியைப் பாக்கவா வந்தோம்?" என்று எரிந்து விழுந்தார், பஸ் டெப்போ மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பல நாட்டுக்காரர்கள் கலந்து குடியிருக்கும் சந்து அது; வெளிநாட்டுச் சுற்றுலாவில் பார்க்க வேண்டிய இடங்களில் ஒன்று. எதிரெதிர் வீடுகளுக்கு நடுவே, கைக்கெட்டும் உயரத்தில் வரிசையாகத் துணி காயும் கொடிகள். அவர் மனைவிக்கோ போட்டோ எடுத்து மாளவில்லை.

"வீட்டுல ஒருநாளாவது கொடியிலேருந்து துணி எடுத்திருந்தா இதோட அருமை தெரியும்," என்றாள் அவள்.

அவர் பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள் மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. கதவுகள் எல்லாம் படபடவென்று திறந்தன. யார் வீட்டுத் துணி என்று யாரும் பார்க்கவில்லை. கைக்கு வந்ததை உருவி, பக்கத்தில் எந்த வாசல் இருந்ததோ அங்கே போட்டார்கள். ஒரு பருத்த அம்மாள் இவரைப் பார்த்து என்னவோ பாஷையில் ஓர் அதட்டல் போட்டாள். ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. ஆனால் டெப்போவையே அதட்டி மேய்த்தவருக்கு அதட்டல் புரியாமலா போகும்? மறுபேச்சில்லாமல் கொடிக்கு ஓடினார். யாருடைய போர்வையோ, யாருடைய பாவாடையோ, தோளில் மலையாய்க் குவிந்தன.

சந்து முனையில் குடை பிடித்து நின்ற இன்னொரு சுற்றுலாக் கூட்டம், அவரைப் பார்த்துக் கேமராவைத் தூக்கியது.

"போட்டோ அப்புறம் புடிக்கலாம்! அங்க கடைசிக் கொடி நனையுது, ஓடுங்க!" என்று தமிழிலேயே கத்தினார்.

குடைகளைப் போட்டுவிட்டு அவர்கள் ஓடினார்கள்.